ஆட்டம் முடிந்தும் அடங்காத உடம்பு

போட்டிக்கு முந்தின இரவு தூக்கம் வருமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நன்றாகவே வரும். பயிற்சி முடிந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தால் விடியும்வரை புரளக்கூட மாட்டேன். தூக்கம் போவது ஆட்டம் முடிந்த இரவில்தான். அதை யாரும் கேட்டதில்லை. நானும் வெகுகாலம் யாரிடமும் சொன்னதில்லை.

நான் கபடி ஆடுகிறவள். ஊர்த்தொகுதியை நாடு என்று சொல்லும் கொல்லிமலையில் குண்டூர் நாட்டில் பிறந்து பெரக்கரை நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். உண்டு உறைவிடப் பள்ளியில் தொடங்கிய ஆட்டம் மாவட்டம், மாநிலம் என்று ஏறி, ஓர் அரசுத் துறையின் அணியில் இடமும் நாமக்கல்லில் ஒரு வேலையும் வாங்கித் தந்தது. எதிரணியின் பக்கம் பாடிக்கொண்டு போய், யாரையாவது தொட்டுவிட்டுப் பிடிபடாமல் திரும்புவது என் வேலை. ரைடர் என்பார்கள். முகாமும் போட்டியும் இல்லாத மாதங்களில் மலையிலிருந்தே பஸ்ஸில் போய் வருவேன். கணவர் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி ஓட்டுகிறவர். வீட்டில் எங்களோடு இருப்பவர் அவருடைய அம்மா, என் அத்தை. காடு, மிளகு, காப்பிச்செடி, மாடு எல்லாம் அவர் பொறுப்பு.

முன்பெல்லாம் வெயில் தாழ மண் தரையில் ஆடுவோம். இருட்டினால் ஆட்டம் முடிந்தது. பெரிய அணிக்கு வந்த பிறகு உள்ளரங்கம், ரப்பர் விரிப்பு, தலைக்கு மேல் பகலைத் தோற்கடிக்கிற விளக்குகள். மற்றவர்கள் பாய் விரிக்கிற நேரத்தில் எங்களுக்கு விசில் ஊதுவார்கள். ஆட்டம் முடிந்து, வேன் பிடித்து, விடுதிக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தால் உடம்பு அடுப்பில் வைத்த சட்டி மாதிரி சுடும். கெண்டைக்கால் தானாகத் துள்ளும். கண்ணை மூடினால் யாரோ ஒருத்தியின் கை என் கணுக்காலை நோக்கி வரும். நான் காலை இழுத்துக்கொள்வேன். படுக்கை அதிரும். தோற்ற இரவைவிட ஜெயித்த இரவுதான் மோசம். சந்தோஷத்துக்கும் தூக்கத்துக்கும் அப்படி என்ன பகை என்று எனக்குப் புரியவில்லை.

என் அறைத்தோழி தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோர ஊர்க்காரி. களத்தின் ஓரத்தில் நின்று, வருகிறவளின் கணுக்காலைப் பிடிப்பது அவள் வேலை. படுக்கும் முன் மண்டியிட்டு ஜெபம் செய்வாள். ஆமென் சொன்ன கையோடு தூங்கிவிடுவாள். ஆனால் தோற்றால் அவளுக்கும் தூக்கம் கிடையாது.

"ஏட்டி, நீ ஜெயிச்சாத் தூங்க மாட்டேங்குத. நா தோத்தாத் தூங்க மாட்டேங்கேன். மேட்ச் சமமா முடிஞ்சாத்தான் இந்த ரூம்ல லைட்ட அணைக்க முடியும் போல" என்பாள்.

இரண்டு பேரும் சிரிப்போம். அவள் சிரித்துவிட்டுத் தூங்கிப்போவாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

சில வருடங்களுக்கு முன் வடக்கே ஒரு நகரத்தில் தேசியப் போட்டி நடந்தது. தினமும் ஓர் ஆட்டம், எல்லாமே விளக்கொளியில். முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். அன்று தூங்கவில்லை. காலையில் வழக்கம்போல விடியற்பயிற்சி. இரண்டாவது ஆட்டத்திலும் ஜெயித்தோம். அன்றும் கோழி கூவுகிற நேரத்துக்குத்தான் கண் அசந்தது. அதற்குள் எழுப்பிவிட்டார்கள். இப்படியே காலிறுதிவரை வந்துவிட்டோம். ஓட முடிந்தது, குதிக்க முடிந்தது. உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

கபடியில் ஒரு விதி உண்டு. ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை பாடிப் போய் வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது முறை போகிறவள் கட்டாயம் ஒரு புள்ளியாவது எடுத்து வர வேண்டும். எடுக்காமல் திரும்பினால் அவள் அவுட். சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விதி. காலிறுதியின் கடைசி நிமிடங்களில் அந்த மூன்றாவது முறை என்னுடையதாக வந்தது. நான் போனேன். அவர்கள் சங்கிலி மாதிரி கைகோத்து நெருக்கினார்கள். இப்போது வம்பு வேண்டாம், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று பின்வாங்கி, கோட்டைத் தாண்டி நிதானமாக வந்து நின்றேன். நல்ல முடிவு எடுத்த திருப்தியில் முகத்தில் புன்னகைகூட இருந்ததாம். நடுவர் கையை உயர்த்தி என்னை வெளியே போகச் சொன்னார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

அந்தப் புள்ளியில் தோற்றோம்.

பயிற்சியாளர் கோபப்படவில்லை. மதுரைப் பக்கத்துப் பெண்மணி. ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரி. வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ராத்திரியெல்லாம் போன் பாக்குறியா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்."

"அப்ப என்ன யோசனை உனக்கு, ஆட்டத்துக்கு நடுவுல?"

அன்று இரவு எங்கள் அறையில் இரண்டு பேரும் விழித்திருந்தோம். தோழி எழுந்து வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். "உனக்குப் புத்தி கெட்டுப்போகல. தூக்கம் கெட்டுப்போச்சு. ஊருக்குப் போயி முதல்ல அதப் பாருட்டி" என்றாள். என்னிடம் அதை நேராகச் சொன்ன முதல் ஆள் அவள்தான். அந்த வார்த்தைக்கு இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மலை ஏறினேன். தை மாதம். மிளகுப் பறிப்பு. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களில் மூங்கில் ஏணி சாத்தி ஊரே மரத்தின்மேல் இருந்தது. வீட்டு வாசல் முழுக்க மிளகு காய்ந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த என்னைப் பார்த்ததும் அத்தை முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏங் கண்ணு, மூஞ்சி இப்படிக் கருத்துப் போயிருக்குது? சோறு கீறு போட்டாங்களா இல்லியா?"

"சோறெல்லாம் போட்டாங்க அத்தை. தூக்கந்தான் இல்லீங்க."

"தோத்த வெசனமா?"

"செயிச்சாலும் வரமாட்டேங்குதுங்க."

அன்று சாயங்காலம் உப்பும் மிளகாயும் எடுத்து என்னை உட்காரவைத்துச் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் கமறவில்லை. "பாரு, எத்தனை சனம் பாத்திருக்கும் உன்னைய. கண்ணேறுதான்" என்றார் திருப்தியோடு. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அது சுற்றிப் போட்டதால் இல்லை, ஆட்டம் இல்லாததால் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கை என் தலையைச் சுற்றி வந்தபோது இருந்த ஆறுதல் பொய்யில்லை.

இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தூங்கினேன் என்று சொல்ல வேண்டும். இரவில் தூங்கி, காலையில் எழுந்து கம்மங்கூழ் குடித்து, மறுபடி மதியம் விழுந்துவிடுவேன். மலையில் இருட்டினால் படுப்பதும் விடியுமுன் எழுவதும்தான் வழக்கம். அறுவடை நாளில் பட்டப்பகலில் ஒரு மருமகள் போர்த்திக்கொண்டு கிடப்பதை அங்கே யாரும் பார்த்ததில்லை. பறிப்புக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று விசாரித்தது அரைத்தூக்கத்தில் என் காதில் விழுந்தது.

"ஏனுங்க, மருமகளுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா? விசேசமுங்களா?"

அத்தை மிளகைத் துழாவிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணும் இல்ல. உம் பையன் திருப்பூர் மில்லுல நைட் சிப்ட் பாத்துப்போட்டு வந்து பகல்ல தூங்கறான்ல? இவளுக்கும் ராத்திரி வேலைதான். சத்தம் போடாத, எந்திரிச்சுக்கப் போறா."

நான் போர்வைக்குள் அப்படியே கிடந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. என் ஆட்டத்தை வேலை என்று அந்த வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை. நானேகூடச் சொன்னதில்லை.

பிறகு அத்தை என்னை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். சுற்றிப்போட்டது அவர் பங்கு, ஊசி போடுவது டாக்டர் பங்கு என்று இரண்டிலும் அவருக்கு நம்பிக்கை உண்டு. அங்கே இருந்த டாக்டர் கீழே சமவெளியிலிருந்து வேலைக்கு வந்தவர், கல்லூரியில் வாலிபால் ஆடியவர். அதனாலோ என்னவோ, நிறையக் கேட்டார். ஆட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது, முடிந்ததும் என்ன செய்வீர்கள், எப்போது சாப்பாடு, காலையில் எப்போது எழுப்புகிறார்கள். முடிந்த கையோடு அன்றைய ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுத் தவறுகளைப் பார்ப்போம் என்று சொன்னபோது சிரித்துவிட்டார்.

"உடம்பு இன்னும் ஆட்டத்துலயேதாம்மா இருக்கு. சூடு இறங்கணும், படபடப்பு இறங்கணும். அதுக்கு நேரம் எடுக்கும். நீங்க என்னன்னா அதுக்குள்ள மறுபடியும் ஆட்டத்தையே போட்டுக் காமிக்கிறீங்க. இது உங்களுக்கு மட்டும் இல்ல, ராத்திரி ஆடுறவங்க நிறையப் பேருக்கு இருக்கும். வியாதின்னு நினைக்காதீங்க."

கடைசியாக, ஆட்டத்துக்கு முன் டீ, காப்பி குடிப்பதுண்டா என்று கேட்டார். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எங்கள் காட்டுக் காப்பிக்கொட்டையை அவரே வறுத்து, இடித்து, ஒவ்வொரு போட்டிக்கும் டப்பாவில் கொடுத்து அனுப்புவார். அணியில் அது பெயர்போன காப்பி. ஆட்டத்துக்குக் கிளம்பும் முன் எல்லோரும் அந்தக் காப்பியைத்தான் கெட்டியாகப் போட்டுக் குடிப்போம். சொல்லாமலும் முடியவில்லை. சொன்னேன்.

டாக்டர், சாயங்காலத்துக்குப் பிறகு அது வேண்டாம் என்றார். காப்பி மட்டும் காரணம் இல்லை என்றும் சொன்னார். பகலில் கொஞ்சம் தூங்கிக்கொள்ளலாம், விளக்கைக் குறைக்கலாம், படுத்தும் வரவில்லை என்றால் பயப்படாமல் எழுந்து உட்காரலாம், மறுநாள் தாமதமாக எழலாம். மாத்திரை எதுவும் எழுதவில்லை.

திரும்பி வரும் வழியில் நான்தான் பேச்சைத் தொடங்கினேன். "அத்தை, காப்பியினால மட்டும் இல்லீங்களாம்."

"எனக்கும் காது கேட்டுது கண்ணு."

கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னார்: "பொழுதோட குடிச்சா தூக்கம் வராதுன்னு எனக்கும்தான் தெரியும். நீங்க காலையில குடிக்கறீங்கன்னு நெனச்சேன். இனி டப்பாவ உங்க கோச்சம்மா கையில குடு. காலையில அளந்து குடுக்கட்டும்." அவ்வளவுதான். மனம் வாடுவார் என்று நான் பயந்தது வீண்.

அந்த விடுப்பில் இன்னொன்றும் தெரிந்தது. கணவர் விடியற்காலையில் லாரியை எடுக்கும்போது வீடே அதிரும். நான் வந்ததிலிருந்து அந்தச் சத்தமே கேட்கவில்லை. வண்டிக்குப் புது சைலன்சர் போட்டாரா என்று அத்தையிடம் கேட்டேன். "எங்க போட்டான்? நீ வந்த அன்னைலேர்ந்து ரோட்டு வளைவுலயே நிறுத்திப்போட்டு நடந்து வாரான். குளிர்ல நடக்கறது தெரிஞ்சா நீ வேண்டாம்பேன்னு சொல்லல" என்றார். நான் கணவரிடம் அதைப்பற்றிக் கேட்கவில்லை. அன்று அவருக்குப் பிடித்த பலாக்கொட்டைக் குழம்பு வைத்தேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

மிளகுப் பறிப்பு முடிவதற்குள் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று பயிற்சியாளருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டம் முடிந்த இரவுகளில் நான் தூங்குவதில்லை, பல வருடமாக இப்படித்தான், காலிறுதியில் நடந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன், டாக்டர் இன்னின்னது சொன்னார். அணியை விட்டுத் தூக்கிவிடுவாரோ என்று நினைத்தேன்.

"நான் ஆடுற காலத்துல மேட்ச் முடிஞ்சதும் துணி துவைப்பேன்" என்றார். "டீமே என் கையில துணியக் குடுத்துட்டுப் படுத்துக்கும். ரொம்பப் பொறுப்பான பொண்ணுன்னு பேரு வாங்கினேன். தூக்கம் வராமத்தான் துவைச்சேன்னு யாருக்கும் தெரியாது. முகாமுக்கு வா. பேசலாம்."

அடுத்த முகாமின் முதல் நாள், எல்லோரையும் விரிப்பின்மேல் வட்டமாக உட்காரவைத்தார். "மேட்ச் முடிஞ்ச ராத்திரி ஒழுங்காத் தூங்குறவங்க கை தூக்குங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னைத் தவிர எல்லாக் கையும் உயரும் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் இரண்டே இரண்டு கைகள். அதில் ஒன்று என் அறைத்தோழியுடையது. அதுவும் பாதி உயரத்தில். "ஜெயிச்சா மட்டும் மேடம்" என்றாள்.

பிறகு ஒவ்வொருத்தியாகப் பேசத் தொடங்கினார்கள். ஒருத்தி குளியலறையில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். ஒருத்தி விடியும்வரை தங்கையின் பழைய போட்டோக்களைப் பார்ப்பாளாம். ஒருத்தி, அடுக்குக் கட்டிலில் மேலே இருப்பவள் எழுந்துவிடக் கூடாது என்று அசையாமல் கிடந்து முதுகு வலியை வாங்கிக்கொண்டவள். அந்த மேலே இருந்தவளும் கீழே இருப்பவளுக்காக அசையாமல் கிடந்தாளாம். இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ், தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் தனித்தனியாக விழித்துக் கிடந்திருக்கிறோம். சிரிக்க ஆரம்பித்தோம். சிலர் அழுதார்கள். அன்றைக்குத்தான் நாங்கள் அணி ஆனோம் என்று நான் நினைப்பதுண்டு.

அதன்பின் பயிற்சியாளர் சில மாற்றங்கள் செய்தார். இரவில் வீடியோ பார்ப்பதை நிறுத்தி, மறுநாள் மதியத்துக்கு மாற்றினார். ஆட்டத்துக்கு மறுநாள் விடியற்பயிற்சி கிடையாது. மேலதிகாரிகளிடம் அதற்காக அவர் வாங்கிய பேச்சு எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆட்டம் முடிந்து வந்ததும் பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு, ரசம் சோறு சாப்பிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து கதை பேசுவோம். கபடி பற்றிப் பேசக் கூடாது என்பது விதி. தோழி கடல் கதை சொல்வாள். நான் மலையில் பன்றி கிழங்கைத் தோண்டுவதைச் சொல்வேன். காப்பி டப்பா பயிற்சியாளரின் அலமாரியில் இருக்கும். காலையில் மட்டும் வெளியே வரும். மதியம் திரையை இழுத்துவிட்டு எல்லோரும் ஒரு தூக்கம் போடுவோம்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆட்டம் முடிந்த இரவுகளில் இன்றும் எனக்குத் தூக்கம் பிந்தித்தான் வரும். சில இரவுகளில் வரவே வராது. ஆனால் பயம் போய்விட்டது. வராவிட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். பெரும்பாலும் இன்னொருத்தியும் உட்கார்ந்திருப்பாள். அடுத்த தேசியப் போட்டியில் மூன்றாம் இடம் வந்தோம். அரையிறுதியில் அந்த மூன்றாவது ரைடு மறுபடி எனக்கு வந்தது. இந்த முறை உட்கார்ந்திருந்தவர்கள் கத்தியது ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. ஒரு புள்ளி எடுத்துத் திரும்பினேன். அந்த ஆட்டத்தில் தோற்றோம் என்பது வேறு விஷயம்.

போன வருடம் நாமக்கல்லில் ஒரு மாநில அளவிலான போட்டி. அத்தை முதல் தடவையாக என் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். கணவர் லாரியில் கூட்டி வந்திருந்தார். கூட்டத்துக்கு நடுவே, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் ஒவ்வொரு முறை கோட்டைத் தாண்டும்போதும் எழுந்து நின்றாராம். பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று சொல்லியும் உட்காரவில்லையாம். ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்து மூவரும் லாரியின் முன்பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து மலை ஏறினோம். நான் நடுவில். வளைவுகளில் வண்டி சாய்ந்து சாய்ந்து ஏற, அத்தையின் தோளில் தலை வைத்தவள் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. ஆட்டம் முடிந்த இரவில் அப்படித் தூங்கியது அபூர்வம். வீட்டு முன்னால் அத்தை என்னை எழுப்பினார்.

காலையில் நான் எழுந்தபோது நன்றாக விடிந்திருந்தது. அத்தை அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"என்னங்க அத்தை, தூங்கலீங்களா?"

"எங்க கண்ணு தூங்கறது? கண்ண மூடுனா அந்த எதிர் டீமு நெட்டச்சி உங் காலப் புடிக்க வாரா. நான் கால இழுத்துக்கறேன். விடிய விடிய இதே பொழப்பு." விறகை உள்ளே தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இத்தனை வருசமா நீ இப்படித்தான் கெடந்தியா சாமி?"

ஆமாங்க என்றேன். அவர் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனார். அன்று அவருக்குக் காட்டில் வேலை இருந்தது. அவர் திரும்பி வந்ததும், காட்டுக்கு நான் போகிறேன், நீங்கள் படுங்கள் என்றேன். முதலில் கேட்கவில்லை. பிறகு கூடையையும் அரிவாளையும் என்னிடம் கொடுத்துவிட்டு, பாயை விரித்துக்கொண்டார்.